ஒன்பதாம் நம்பர் சட்டை யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு வாசகர், இந்தியக் கால்பந்து உருப்பட வேண்டுமென்றால் வெளிநாட்டு வீரர்களையும் வெளிநாட்டு முதலாளிகளையும் மொத்தமாக மூட்டை கட்டி அனுப்பிவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. 2025 அக்டோபரில் சொந்த மண்ணில், கோவாவில், சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பைத் தொலைத்தோம். அடுத்த மாதமே டாக்காவில் பங்களாதேஷிடம் தோல்வி, அதுவும் 22 வருடத்துக்குப் பிறகு. அந்த இரண்டு ஆட்டத்தையும் முழுதாக உட்கார்ந்து பார்த்தவன் நான். சிங்கப்பூர் ஆட்டம் முடிந்ததும் டிவியை நிறுத்திவிட்டு சாப்பிடாமல் படுத்தேன். ஆனாலும் அந்த வாசகர் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், இடம் இருந்தால் போடுங்கள்.

நான் கோவைக்காரன். 2019 மார்ச் 9 சாயங்காலம் வ.உ.சி. பூங்கா பக்கத்தில் நேரு ஸ்டேடியத்தில் இருந்தவர்களில் நானும் ஒருவன். சென்னை சிட்டி எஃப்.சி. என்று பெயர், ஆனால் ஆடியது எங்கள் ஊரில், எங்களுக்கு அது கோவை டீம்தான். அன்று மினர்வா பஞ்சாபை ஜெயித்தால் ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் பட்டம் எங்களுக்கு. இல்லையென்றால் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆட்டம் தொடங்கி நாங்கள் சரியாக உட்காருவதற்குள்ளேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. கேலரியில் ஜமாப் மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே கையை நிறுத்திவிட்டார்கள். இடைவேளை வரைக்கும் எல்லோர் கண்ணும் பாதி கிரவுண்டில், பாதி போனில், கோழிக்கோட்டில் என்ன ஸ்கோர் என்று. இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது, பெத்ரோ மான்சி போட்டார், சமன். அதற்கப்புறம் இரண்டு கோல் போட்டது கௌரவ் போரா, நம் நாட்டுப் பையன், டிஃபெண்டர். 3-1. ஈஸ்ட் பெங்காலும் அங்கே ஜெயித்தது, ஆனால் எங்களுக்கு 43 புள்ளி, அவர்களுக்கு 42. ஒரே ஒரு புள்ளி.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், முன்பின் தெரியாதவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். தமிழ்நாட்டு டீம் ஒன்று ஐ-லீக்கை ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

அந்த டீமில் மான்சி, சாந்த்ரோ, நெஸ்டர், எஸ்லாவா என்று நாலு பேர் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். கோச் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். மான்சி அந்த சீசனில் 21 கோல் போட்டார். ஸ்பெயினின் கீழ்ப் பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்தவர் அவர், இங்கே வந்து இப்படி ஆடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இவர்களெல்லாம் இல்லாமல் அந்தப் பட்டம் வந்திருக்காது. அதே சமயம் எட்வின் வன்ஸ்பால் மாதிரி நம் பையன்கள் அவர்களோடு தினமும் பிராக்டிஸ் செய்து, பந்து வருவதற்கு முன்னாலேயே அடுத்த பாஸை யோசிக்கப் பழகி, அப்படியே ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக்குக்குப் போனதையும் பார்த்தோம். வெளிநாட்டு வீரன் வந்தால் நம் பையன் கெட்டுப்போவான் என்று யாராவது சொன்னால் நான் அந்த சீசனைத்தான் காட்டுவேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

என் அக்கா மகன் ஒருவன், பெயர் வேண்டாம். சின்ன வயதிலிருந்தே ஸ்ட்ரைக்கர், அதாவது முன்னால் நடுவில் நின்று கோல் போடுகிறவன், அந்த இடத்துக்கு வழக்கமான நம்பர் ஒன்பது. ஒன்பதாம் நம்பர் சட்டை தவிர வேறு நம்பர் போட மாட்டான். மாவட்ட லீக்கில் அவன் கோல் போடாத வாரம் குறைவு. கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, டிஃபெண்டரை இடுப்பில் தாங்கிக்கொண்டு, பந்தை வாங்கித் திரும்புவான் பாருங்கள், அதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. 19 வயதில் ஒரு பெரிய கிளப்பின் ட்ரையல்ஸுக்குப் போனான். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், ராத்திரி பஸ் பிடித்து, காலையில் அங்கேயே ஒரு டீக்கடையில் முகம் கழுவிக்கொண்டு. மூன்று நாள் ட்ரையல்ஸ். இரண்டாம் நாள் ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டான். மூன்றாம் நாள் அந்த கோச், நல்ல மனிதர்தான், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவனைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, நீ நல்லா முடிக்கிறே. ஆனா நைன் எங்களுக்கு எப்பவும் ஃபாரின்தான். ஓட்டம் இருக்கு உனக்கு, ரைட் பேக் ஆடிப் பாரேன்" என்று சொல்லியிருக்கிறார். இவனும் ஆடினான். ரைட் பேக்கில், அதாவது வலது ஓரத் தடுப்பில், இவனைவிட நன்றாக ஆடுகிறவர்கள் அங்கே நாலு பேர் இருந்தார்கள். எடுக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, "மாமா, நான் ரைட் பேக்காவே வளர்ந்திருக்கணும் போல" என்றான். இப்போது ஒரு பம்ப் கம்பெனியில் அசெம்பிளியில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிறான், அதே ஒன்பதாம் நம்பர் சட்டையில்.

அந்த கோச் சொன்னது பொய்யில்லை என்பதுதான் பிரச்சினையே. ஐ.எஸ்.எல். 2014ல் தொடங்கியது. அன்று முதல் 2024-25 வரை 11 சீசன். ஒவ்வொரு சீசனிலும் அதிக கோல் போட்டு கோல்டன் பூட் வாங்கியவர்கள் பெயரைப் பாருங்கள்: எலானோ, மெண்டோசா, மார்செலினோ, இரண்டு தடவை கோரோ, வால்ஸ்கிஸ், அங்குலோ, ஓக்பெச்சே, தியேகோ மௌரிசியோ, தியாமந்தாகோஸ், அஜாராயி. இந்தியர் ஒருவர்கூட இல்லை. நம் சுனில் சேத்ரிகூட அந்தப் பட்டியலில் இல்லை. அவர் மாதிரி ஒரு ஸ்ட்ரைக்கர் நமக்கு அதற்கு முன்னும் பின்னும் கிடைக்கவில்லை, அவரே 2017-18ல் பெங்களூருவுக்கு ஆடியபோது பெரும்பாலும் இடது ஓரத்தில்தான் ஆடினார், நடுவில் வெனிசுவேலாக்காரர் மிக்கு. மிக்கு 15 கோல், ஓரத்தில் இருந்துகொண்டே சேத்ரி 14. கிளப்பின் கணக்கில் அது சரியான முடிவு, குறை சொல்ல முடியாது. ஆனால் பத்து கிளப்பும் அதே கணக்கைப் போட்டால் நாட்டில் ஸ்ட்ரைக்கர் எங்கிருந்து வருவான்? 2024 ஜூனில் சேத்ரி இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஒன்பதே மாதம், 40 வயதில் அவரைத் திரும்பக் கூப்பிட்டோம், அவரும் வந்தார், வந்த முதல் ஆட்டத்திலேயே மாலத்தீவுக்கு எதிராக கோல் போட்டார். அன்று நான் கை தட்டினேன், தட்டிக்கொண்டே வயிறு எரிந்தது.

சரி, அப்படியென்றால் வெளிநாட்டு வீரர் எண்ணிக்கையைக் குறைத்தால் தீருமா? குறைத்துத்தான் வந்திருக்கிறார்கள். முதல் சீசனில் களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம், இந்தியர் ஐந்து பேர் போதும். 2017ல் அது ஐந்தாகக் குறைந்தது, 2021ல் நாலு. இதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் கோல்கீப்பராகவும் வெளிநாட்டவரை நிறுத்தினார்கள், கேரளாவுக்கு டேவிட் ஜேம்ஸ், சென்னையின் எஃப்.சி.க்கு (இது ஐ.எஸ்.எல். டீம், எங்கள் சென்னை சிட்டி வேறு) பிராசிலியானோ. எண்ணிக்கை குறையக் குறைய கிளப்கள் முதலில் விட்டுக்கொடுத்தது கோல்கீப்பர் இடத்தைத்தான். அந்த இடம் நம் ஆட்களுக்குக் கிடைத்தது, சீசனுக்கு இருபது ஆட்டம் என்று ஆடினார்கள், அடி வாங்கினார்கள், தப்பு செய்தார்கள், கற்றுக்கொண்டார்கள். இன்று குர்பிரீத், அம்ரிந்தர், விஷால் கைத் என்று மூன்று பேரில் யாரை நிறுத்தினாலும் பயமில்லை. ஆனால் கடைசிவரை விட்டுக்கொடுக்காத இடம் இரண்டு, நடு டிஃபென்ஸ், நடு ஸ்ட்ரைக்கர். நாலு என்பதை மூன்றாக்கினாலும் அந்த மூன்றில் ஒருவர் ஒன்பதாம் நம்பராகத்தான் இருப்பார். எண்ணிக்கையை மட்டும் வெட்டிக்கொண்டே போனால் விங்கில் ஆடும் நம் பையன்களுக்கு இன்னும் ஓர் இடம் கூடும், அவ்வளவுதான்.

நம்மவனை நம்பி நடுவில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது, அதுவும் நம் சென்னையிலேயே. 2018 மார்ச்சில் சென்னையின் எஃப்.சி. பெங்களூரில் போய் 3-2 என்று ஜெயித்து இரண்டாவது தடவை கோப்பை வாங்கியதே, அந்த சீசனில் சென்னைக்கு அதிக கோல் போட்டது மிசோரம் பையன் ஜெஜெ, ஒன்பது கோல். நடுவரிசையில் வியாசர்பாடி தன்பால் கணேஷ். ஃபைனலில் மூன்று கோலையும் போட்டது பிரேசில்காரர்கள்தான், மைல்சன் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று, மறுக்கவில்லை. ஆனால் ஃபைனல் வரைக்கும் வண்டியை இழுத்துக்கொண்டு வந்ததில் ஜெஜெவின் பங்கு பெரியது. ஜான் கிரிகரி அவரைத் தொடர்ந்து இறக்கினார். இரண்டு ஆட்டம் கோல் போடவில்லையென்றால் மூன்றாவது ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார வைக்கவில்லை. ஸ்ட்ரைக்கருக்கு வேண்டியது அதுதான், தொடர்ந்து ஆட வேண்டும், தவறவிட்டாலும் அடுத்த வாரம் தன் இடம் இருக்கிறது என்ற தைரியம் வேண்டும்.

வெளிநாட்டு வீரர்கள் இங்கே வருவது ஒன்றும் ஐ.எஸ்.எல். கொண்டுவந்த புதுப் பழக்கமும் இல்லை. 1980களில் கொல்கத்தாவில் ஈரானியர் மஜீத் பாஸ்கர், அவருக்கப்புறம் நைஜீரியாவின் சீமா ஒகோரி, 1999லிருந்து மோகன் பகானுக்கு பிரேசிலின் பரேட்டோ. பரேட்டோவை கொல்கத்தாக்காரர்கள் இன்றும் வீட்டுப் பிள்ளை மாதிரி பேசுவார்கள். காரணம், அவர் வருஷக்கணக்காக அங்கேயே இருந்தார். 2014ல் என்ன செய்தோம், டெல் பியரோ, ட்ரெஸகே, பிரெஸ், லியூங்பெர்க் என்று ஆட்டத்தை விட்டு வெளியேறும் வயதில் இருந்த பெரிய பெயர்களைக் கூப்பிட்டோம், அக்டோபரில் வந்தார்கள், டிசம்பரில் போனார்கள். சீசனே இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம், அதற்குள் யார் யாருக்கு என்ன கற்றுக்கொடுக்க முடியும்? கூட்டம் வந்தது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, கால்பந்து பக்கம் தலை வைக்காத என் ஆபீஸ் நண்பர்கள்கூட இத்தாலியின் மேட்டரஸியைப் பற்றிப் பேசினார்கள். அந்த மேட்டரஸி மூன்று சீசன் சென்னையில் இருந்து, 2015ல் கோப்பையும் வாங்கிக்கொடுத்தார், அதனால்தான் அவர் பெயர் சென்னையில் நிற்கிறது.

ஜப்பானைப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் ஒரே ஒருவருக்காக. பிரேசிலின் ஜீக்கோ. 1991ல் கஷிமா என்ற சின்ன ஊரில் ஒரு ஸ்டீல் கம்பெனி டீமுக்கு ஆடப் போனார், அந்த டீம்தான் 1993ல் ஜே-லீக் தொடங்கியபோது கஷிமா ஆன்ட்லர்ஸ் ஆனது. ஆடி முடித்த பிறகும் அவர் அந்தக் கிளப்பை விட்டுவிடவில்லை, பின்னால் ஜப்பான் தேசிய அணிக்கே கோச் ஆனார். 1998ல் ஜப்பான் முதல் தடவையாக உலகக் கோப்பைக்குப் போனது, அதற்கப்புறம் ஒரு உலகக் கோப்பையையும் விடவில்லை. அதே ஜீக்கோ 2014லிருந்து மூன்று சீசன் எஃப்.சி. கோவாவுக்குக் கோச்சாக இருந்தார், 2015 ஃபைனல்வரை கொண்டுபோனார், அங்கே சென்னையிடம் தோற்றார்கள், அப்புறம் போய்விட்டார். ஆள் ஒருவர்தான். ஜப்பானில் அவரிடமிருந்து என்ன வாங்கிக்கொள்ள வேண்டும் என்று திட்டம் வைத்திருந்தார்கள், நாம் அவரிடம் அந்த சீசனை ஜெயித்துக்கொடுங்கள் என்று மட்டும் கேட்டோம்.

முதலாளிகள் விஷயத்துக்கு வருகிறேன், இங்கேதான் எனக்கு அந்த வாசகரைவிடவும் கோபம் அதிகம், ஆனால் என் கோபம் வேறு பக்கம் பார்த்து நிற்கிறது.

2019 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல், எங்கள் சென்னை சிட்டியில் 26 சதவீதம் பங்கு வாங்கியது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் ஆடிய கிளப், சலா, ஷாக்கிரி எல்லாம் ஆடிய கிளப். செய்தி வந்த அன்று ராத்திரி எங்கள் வாட்ஸ்ஆப் குரூப்பில் யாரும் தூங்கவில்லை. கோவையில் அகாடமி வரும், பத்து வயதுப் பையன்களுக்கு சுவிஸ் கோச் வருவார், சொந்தமாக ஒரு கிரவுண்டு வரும் என்று ஆளாளுக்குப் பேசினோம். அடுத்த மாதமே பட்டமும் வந்தது. பிறகு என்ன? ஐ-லீக்கை ஜெயித்தவர்களுக்கு அன்று ஐ.எஸ்.எல். கதவு திறந்திருக்கவில்லை. பட்டம் வாங்கியும் மேலே ஏற முடியாது என்றால் யார் எத்தனை நாள் பணம் போடுவார்? மான்சி அடுத்த ஜனவரியில் ஜப்பான் போனார். கொரோனா வந்தது. 2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. இந்தியாவின் சாம்பியனாக இருந்த ஒரு டீம், மூன்று வருடத்துக்குள் தேசிய லீக்கிலேயே இல்லை. இப்போதும் நான் வ.உ.சி. பூங்கா வழியாகப் போகும்போது ஸ்டேடியம் கேட்டைத் திரும்பிப் பார்க்காமல் போக முடிவதில்லை. பாசெல்லைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. 26 சதவீதம் வைத்திருந்தவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவர்கள் பங்கு வாங்கியபோது, இந்த ஊருக்கு என்ன செய்யப்போகிறீர்கள், எத்தனை வருடம் இருப்பீர்கள், போகும்போது எதை விட்டுப்போவீர்கள் என்று எழுதி வாங்க வேண்டியது நம் இந்தியக் கால்பந்து ஃபெடரேஷனின் வேலை.

கொல்கத்தாவிலும் இதேதான். அத்லெடிகோ மாட்ரிட் பங்கு போட்டு வந்தார்கள், பெயர் அத்லெடிகோ டி கொல்கத்தா, சட்டைகூட மாட்ரிட் சட்டை, சிவப்பும் வெள்ளையும் கோடு போட்டது. முதல் சீசனில் கோப்பை, 2016ல் இன்னொரு கோப்பை. 2017ல் விலகிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஏ.டி.கே. என்ற மூன்றெழுத்து. அந்த மூன்றெழுத்தைக் கொண்டுபோய் 2020ல் மோகன் பகான் பெயருக்கு முன்னால் ஒட்டினார்கள். 1889ல் தொடங்கிய கிளப், 1911ல் வெறுங்காலோடு ஆங்கிலேயர் ரெஜிமென்ட் டீமை ஜெயித்த கிளப். அந்த ரசிகர்கள் தெருவில் இறங்கிப் போராடி, 2023ல்தான் அந்த எழுத்துகளை எடுக்க வைத்தார்கள். ஒரு பெயரைத் திரும்ப வாங்கவே மூன்று வருடம் ஆனது.

அப்புறம் மும்பை. மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கும் சிட்டி ஃபுட்பால் குரூப் 2019 நவம்பரில் மும்பை சிட்டியின் 65 சதவீதத்தை வாங்கியது. அவர்கள் நன்றாகவே நடத்தினார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2020-21ல் லீக்கில் முதலிடத்துக்கான ஷீல்டும் ஃபைனலை ஜெயித்தால் கிடைக்கும் கோப்பையும் ஒன்றாக வாங்கினார்கள், ஃபைனலில் 90வது நிமிடம் வெற்றி கோல் போட்டது மணிப்பூர் பையன் பிபின் சிங். 2022 ஏப்ரலில் ரியாத்தில் ஈராக்கின் அல் குவா அல் ஜாவியாவை 2-1 என்று ஜெயித்தார்கள், ஆசிய கிளப்களுக்கான ஏ.எஃப்.சி. சாம்பியன்ஸ் லீக்கில் ஒரு இந்திய கிளப் ஆட்டம் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அன்று நான் சென்னை ரசிகன், கோவை ரசிகன் எல்லாவற்றையும் மறந்து சத்தம் போட்டேன். நம் பையன்கள் சாங்தே, அபுயா இருவரும் அங்கே போன பிறகு ஆடிய ஆட்டத்தில் இருந்த தெளிவு யாருக்கும் தெரியும். ஆக, வெளிநாட்டு முதலாளி வந்தாலே கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் 2025ல் என்ன ஆனது? ஃபெடரேஷனுக்கும் லீக்கை நடத்திய எஃப்.எஸ்.டி.எல். நிறுவனத்துக்கும் இருந்த 15 வருட ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது என்று எல்லோருக்கும் 15 வருடமாகவே தெரியும். அதைப் புதுப்பிக்கவும் இல்லை, வேறு வழியும் செய்யவில்லை. ஜூலையில் சீசனை நிறுத்தி வைத்தார்கள். டெண்டர் விட்டார்கள், ஒருவரும் கேட்கவில்லை. செப்டம்பரில் தொடங்க வேண்டிய லீக், டிசம்பர் வந்தும் தொடங்கவில்லை. அந்த டிசம்பரிலேயே சிட்டி குரூப் தன் பங்கை விட்டுவிட்டுப் போனது. சேத்ரியும் குர்பிரீத்தும் ஜிங்கனும் வீடியோவில் வந்து ஃபிஃபாவிடம் எங்களைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கும் நிலை. கடைசியில் மத்திய விளையாட்டு அமைச்சர் 2026 பிப்ரவரி 14ல் தொடங்கும், 14 கிளப், 91 ஆட்டம் என்று அறிவித்தார். அதாவது ஒரு டீமுக்கு 13 ஆட்டம். அதற்குள் பல வெளிநாட்டு வீரர்கள் வேறு நாட்டு லீக்குகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் போக இடம் இருந்தது. முதலாளிக்கும் இருந்தது, உலகம் முழுக்க கிளப் வைத்திருக்கிறார். நம் பையன்தான் பூட்ஸைத் துடைத்து வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான், 22 வயதில் ஒரு ஸ்ட்ரைக்கருக்கு அரை வருடம் என்றால் எவ்வளவு என்று ஆடியவர்களுக்குத் தெரியும்.

உள்நாட்டு முதலாளி என்றால் ஓட மாட்டார் என்றும் இல்லை. சீனாவில் 2020 நவம்பரில் லீக் சாம்பியனான ஜியாங்சு கிளப் அடுத்த பிப்ரவரியில் மூடப்பட்டது, முதலாளி சீனக் கம்பெனிதான். அதனால் பாஸ்போர்ட்டைப் பார்த்து முதலாளியை எடைபோட வேண்டாம், என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள்.

என் யோசனை இதுதான், கால்பந்து நிர்வாகம் படித்தவன் இல்லை நான், முப்பது வருடமாக கேலரியில் உட்கார்ந்தவன், அவ்வளவே. எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் ஒரு கிளப்பில் பெரிய பங்கு வாங்குகிறார் என்றால், இரண்டு சீசன் சம்பளத்துக்கும் இளைஞர் அணிகளின் செலவுக்கும் வேண்டிய பணத்தை வங்கியில் உத்தரவாதமாகக் கட்டட்டும். விலகினால் அந்தப் பணம் வீரர்களுக்கும் அகாடமிக்கும் போகட்டும், ஒரே நாளில் யாரும் தெருவுக்கு வர மாட்டார்கள். அந்த ஊரில் 13 வயது, 15 வயது, 18 வயது டீம் நடத்த வேண்டும், அதில் பாதிப் பேராவது உள்ளூர்ப் பையன்களாக இருக்க வேண்டும். கிளப்பின் பெயரையும் நிறத்தையும் மாற்ற வேண்டுமென்றால் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களிடம் கேட்க வேண்டும். ஜெர்மனியில் கிளப்பின் பாதிக்கு மேற்பட்ட ஓட்டு உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, அவ்வளவு தூரம் நாம் இப்போதைக்குப் போக முடியாது, தெரியும். ஆனால் ஒரு வார்த்தை கேட்கவாவது வேண்டாமா?

ஸ்ட்ரைக்கர் விஷயத்தில் இன்ன இடத்தில் இந்தியர்தான் ஆட வேண்டும் என்று விதி போட முடியாது, பத்தாவது நிமிடத்தில் விங்கரையும் ஸ்ட்ரைக்கரையும் இடம் மாற்றிவிட்டு ஏமாற்றுவார்கள். அதற்குப் பதிலாக லீக்குக்கு வெளியே தனியாக நடக்கும் சூப்பர் கோப்பையை முழுக்க இந்திய வீரர்களுக்கு விடலாம். ஒரு வருடத்தில் ஒரு போட்டியிலாவது ஒவ்வொரு கிளப்பும் தன்னிடம் இருக்கும் இந்திய ஸ்ட்ரைக்கர் யார் என்று தேடிப் பார்க்க வேண்டி வரும், இல்லையென்றால் கீழ் லீக்கிலும் மாநில லீக்கிலும் போய்த் தேடுவார்கள், தேடினால் கிடைக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள், சாயங்காலம் மணலில் ஆடுகிற பையன்களைப் பாருங்கள், சூசைராஜ் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்தான். நந்தகுமார் சென்னையிலிருந்து வந்தார். இவர்களும் ஓரத்தில் ஆடித்தான் பெயர் வாங்கினார்கள் என்பதையும் கவனியுங்கள். அதோடு லீக் நீளமாக இருக்க வேண்டும், 13 ஆட்டத்தில் எந்தக் கோச்சும் புதுப் பையனை நம்பிச் சோதனை செய்ய மாட்டார், அவர் வேலையே போய்விடும்.

ஆஸ்திரேலியாவில் பிறந்த ரையன் வில்லியம்ஸ் இந்தியக் குடியுரிமை வாங்கி நம் அணிக்கு வந்திருக்கிறார். அவர் அம்மா மும்பையில் பிறந்தவர். அவரை மனதார வரவேற்கிறேன், பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்து வருவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் வெளியே பிறந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தேடிப் போவதற்கு முன்னால் உள்ளே இருப்பவனை ரைட் பேக்குக்கு அனுப்பாமல் இருக்கலாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. ஐ.எஸ்.எல். ஆட்டங்களின் செய்தி போடும்போது கோல் போட்டவர் பெயரோடு இன்னொரு வரியும் சேர்த்துப் போடுங்கள், அன்று இரண்டு டீமிலும் நடு ஸ்ட்ரைக்கராக ஆடிய இந்தியர் யார், எத்தனை நிமிடம் ஆடினார் என்று. யாரும் ஆடவில்லை என்றால் யாரும் ஆடவில்லை என்றே போடுங்கள். ஒரு சீசன் முழுக்க அதை விடாமல் போடுங்கள். நான் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்கிறேன், ஃபெடரேஷனுக்கு எழுதும் அடுத்த கடிதத்தோடு அதை அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
கால்பந்து ரசிகன்,
ஒண்டிப்புதூர், கோவை.